வெளிச்சம் படக்கூடாத மருந்து

ட்ரோம்சோவில் டிசம்பர்.
சூரியன் போய் மூன்று வாரம் ஆகிறது.
காலை எட்டு மணி இருட்டுக்கும்
இரவு எட்டு மணி இருட்டுக்கும்
பேருந்துக் கூட்டம்தான் வித்தியாசம்.

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் நான்.
நேற்று நானே வழித்துவிட்ட சாலையில்
இன்றைக்கு அம்மாவின் காரில்
பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து
மருத்துவமனைக்குப் போகிறேன்.
சுரங்கத்துக்கு முந்தைய வளைவில்
ஓரத்தைச் சரியாக வழிக்கவில்லை.
அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆறாவது நாற்காலி. சாய்த்துக்கொள்ளலாம்.
ஜன்னல் பக்கம்தான்,
ஜன்னலில் நான்தான் தெரிகிறேன்.
சின்னேவ் என்ற நர்ஸ் பெயர் கேட்டாள்.
தூர்கெய்ர் என்றேன்.
பதினொரு இலக்கப் பிறப்பு எண் கேட்டாள். சொன்னேன்.
மருந்துக்கு ஒரு தடவை வீதம்
நான் நானேதான் என்று
நாலு தடவை சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.
நாலாவது தடவை
எனக்கே கொஞ்சம் சந்தேகம்.

முதல் மருந்து சிவப்பு.
பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கலக்கும்
சர்பத் சிவப்பு.
நீல அங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக
இரண்டு ஜோடி கையுறை,
மெதுவாக அழுத்துகிறாள் சின்னேவ்.
அவள் விரலில் பட்டுவிடக் கூடாதாம்.
பட்டுவிடக் கூடாததைப்
பத்து நிமிடமாக வாங்கிக்கொள்கிறது என் ரத்தம்,
வெறுங்கையோடு.

வாய்ப்புண் வராமலிருக்கச் சப்பு என்று
காகிதக் குவளையில் ஐஸ் துண்டுகள்.
குளிர்காலம் முழுக்க ஊரின் ஐஸை
ஓரம் தள்ளுகிறவனுக்கு
ஒரு குவளை கூலி.
நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.
தவறு நடந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று
எந்த நிமிடமும் யாராவது வந்து
சொல்லிவிடுவார்கள் என்பதுபோல
மேல்கோட்டின் பொத்தானைக்கூட அவிழ்க்காமல்
உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம் டாக்டர் போர் என்றார், படை என்றார்.
எனக்குப் புரிந்தது உப்புதான்.
தூவினால் ஐஸ் உருகும்.
வண்டியின் அடித்தகடும் அரித்துப்போகும்.
இரண்டும் ஒரே உப்பு, அதற்கு ஆள் தெரியாது.
அதற்காக யாரும் தூவாமல் இருப்பதில்லை.
வசந்தத்தில் கழுவிப் பார்ப்போம்
என்ன மிச்சம் என்று.

எதிர் நாற்காலி மீன்பண்ணைக்காரர்
குறட்டை விட்டே ஒரு பையை முடித்தார்.
எழுந்ததும் சாப்பாட்டு வண்டியை நிறுத்தி
இன்றைக்கும் மீன்தானா என்று கேட்டார்,
வேறு ஒன்றுமே குறையில்லை என்கிற முகத்தோடு.

கடைசிப் பைக்குப் பழுப்பு உறை.
குழாய்க்கும் கறுப்புச் சட்டை.
வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் இது என்றாள் சின்னேவ்.
ஜன்னலைப் பார்த்தேன். மத்தியானம் பன்னிரண்டு.
மலைக்குப் பின்னால் ஒரு நீலம்
எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.
"சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறது" என்றேன்.
அப்போதுதான் அம்மா சிரித்தாள்.
ஒரு பொத்தானை அவிழ்த்தாள். ஒன்றுதான்.
மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை
நரம்பு எரிய ஆரம்பித்தது.

வீட்டில், சிறுநீர் சிவப்பு.
சொல்லித்தான் அனுப்பினார்கள்.
சொல்லியும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.
சொன்னபடி இரண்டு தடவை தண்ணீர் விட்டேன்.
பத்து மணிக்கு வாந்தி. பன்னிரண்டுக்கு.
அதற்கப்புறம் எண்ணவில்லை.
குளியலறைத் தரைக்கு அடியில் சூடு ஓடுகிறது,
அங்கேயே கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டேன்.

இரண்டரைக்குத் தெருவில் வண்டி.
என் வண்டி. இருமல் தெரியும் எனக்கு.
என் பாதையை யோஸ்தைனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.
மஞ்சள் விளக்கு ஓடுகளில் ஒரு சுற்று,
இன்னொரு சுற்று.
தகடு தாரைத் தொடவில்லை.
சத்தத்திலேயே தெரிகிறது,
இரண்டு சென்டிமீட்டர் தூக்கிப் பிடிக்கிறான் மடையன்.
அந்த இரண்டு சென்டிமீட்டர்
காலைக்குள் கட்டியாகிவிடும்,
பள்ளிப் பிள்ளைகள் வழுக்குவார்கள்.

நாளைக்கு அவனைக் கூப்பிட வேண்டும்.
இறக்கடா,
இன்னும் கொஞ்சம் இறக்கு.